கிழக்குக் கடற்கரைச் சாலையும் ஒரு லிட்டர் தண்ணீரும்

டிசம்பர் லீவு நெருங்கிவிட்டது போல. இந்த வாரத்தில் மட்டும் வகுப்பில் மூன்று பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். "மச்சி, போன வருஷம் ஃபேமிலியோட ஈசிஆர்ல ராமேஸ்வரம் வரைக்கும் கார்ல போனீங்கள்ல, அந்த ரூட் கொஞ்சம் சொல்லேன்."

ரூட் சொல்வது ரொம்ப சுலபம். சென்னையில் கிளம்பினால் கடல் உங்கள் இடது கைப் பக்கம் இருக்க வேண்டும், அவ்வளவுதான் :-) மாமல்லபுரம், மரக்காணம், புதுச்சேரி, கடலூர், சிதம்பரம், தரங்கம்பாடி, காரைக்கால், நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, முத்துப்பேட்டை, தொண்டி, தேவிபட்டினம், மண்டபம், ராமேஸ்வரம். வழி தவறவே முடியாது. ஆனால் அந்த மூன்று பேரிடமும் நான் திருப்பிக் கேட்ட கேள்வி வேறு. "உங்க அம்மா கார்ல போகும்போது தண்ணி குடிப்பாங்களா?"

மூன்று பேருக்கும் பதில் தெரியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் கார் பயணம் என்றால் ஆளுக்கொரு தயாரிப்பு உண்டு. அப்பா முந்தின நாளே டயருக்குக் காற்று பிடித்து, ஒரு தாளில் நேரம் போட்டு வைத்துவிடுவார். 5.00 கிளம்புவது, 7.00 மரக்காணம், 8.00 பாண்டியில் டிபன், 10.30 பிச்சாவரம், 1.00 சிதம்பரத்தில் சாப்பாடு, 3.30 தரங்கம்பாடி, 5.30 வேளாங்கண்ணி. நான் பாட்டு இலாகா. தங்கை சார்ஜர் மற்றும் முறுக்கு டப்பா இலாகா. அம்மாவும் அப்பத்தாவும் செய்கிற தயாரிப்பு என்ன என்பது எனக்குப் பத்தொன்பது வயதில்தான் தெரிந்தது. முந்தின ராத்திரி எட்டு மணியோடு அவர்கள் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார்கள். காலையில் காபி கிடையாது. காரில் பாட்டில் இருக்கும். அது எங்களுக்கு.

நான் பையன். எனக்கு அவசரம் என்றால் "அப்பா, ஒரு நிமிஷம்" என்பேன். ஒரு சவுக்குத் தோப்பு ஓரமாக வண்டி நிற்கும். முடிந்தது விஷயம். இந்த "முடிந்தது விஷயம்" காருக்குள் இருக்கிற ஐந்து பேரில் இரண்டு பேருக்கு மட்டும்தான் என்று நான் ஒரு தடவைகூட யோசித்ததில்லை. யோசிக்க வேண்டிய தேவை வந்ததில்லை என்பதுதான் உண்மை.

முதல் நாள் அருமையாகத்தான் ஆரம்பித்தது. மரக்காணத்தில் உப்பளங்கள் முழுக்க மழைத் தண்ணீர் நின்றது. மழை ஓய்ந்து வெயில் ஏறினால்தான் அங்கே வேலை, டிசம்பரில் வெறும் கண்ணாடி மாதிரி வானத்தைக் காட்டிக்கொண்டு கிடக்கும். பாண்டியில் டிபன். அங்கே ஹோட்டலில் அம்மா, அப்பத்தா, தங்கை மூன்று பேரும் வரிசையாக உள்ளே போய்விட்டு வந்தார்கள். அப்போது மணி எட்டேகால். இதை ஏன் குறிப்பிடுகிறேன் என்றால், அதற்குப் பிறகு அப்பத்தாவுக்குச் சாயந்திரம் வரை வேறு வாய்ப்பு வரவில்லை.

பிச்சாவரம் போக வேண்டும் என்று சொன்னதே அப்பத்தாதான். சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் வந்தது தில்லை மரத்தால். அந்த மரம் இன்றைக்கும் பிச்சாவரத்துச் சதுப்பில் சுரபுன்னைக் காட்டோடு சேர்ந்து நிற்கிறது. நடராஜரை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறார், அந்த மரத்தைப் பார்த்ததில்லையாம். படகுத்துறைக்குப் போய் டிக்கெட் வரிசையில் நிற்கும்போது "நீங்க போயிட்டு வாங்கய்யா, எனக்கு முழங்கால் வலி" என்று பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். துணைக்கு அம்மாவும் இருந்துவிட்டார். நானும் அப்பாவும் தங்கையும் வேர்களுக்கு நடுவே குகை மாதிரி போகிற கால்வாய்களில் ஒரு மணி நேரம் சுற்றிவிட்டு, நூறு போட்டோ எடுத்துக்கொண்டு வந்தோம். முழங்கால் வலி இல்லை. ஒரு மணி நேரம் நடுத்தண்ணீரில் படகில் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது என்ற பயம். இதுவும் பிறகுதான் தெரிந்தது.

இங்கே அப்பாவுக்காகவும் கொஞ்சம் பேச வேண்டும். அவர் கெட்டவர் இல்லை. இருட்டிய பிறகு அந்தச் சாலையில் ஓட்டுவதற்கு அவருக்குப் பயம். விளக்கில்லாத சைக்கிள், நடுவில் படுத்திருக்கும் மாடு, எதிரே ஹை பீம் போட்டுக்கொண்டு வரும் பஸ். அதனால்தான் அந்த நேர அட்டவணை. அவர் கேட்கவும் செய்தார். "யாருக்காச்சும் எங்கயாவது நிறுத்தணுமா?" அன்றைக்கு மட்டும் நான்கு தடவை கேட்டார். நான்கு தடவையும் பின் சீட்டிலிருந்து வந்த பதில், "வேண்டாம், போங்க."

அந்தக் கேள்வியே தப்பு என்பது என் கட்சி. மாமியார், மகள், வளர்ந்த பையன் எல்லோரும் இருக்கிற காரில், எந்த அம்மா கையைத் தூக்கி "எனக்கு நிறுத்தணும்" என்று சொல்வார்? சொன்னாலும் எங்கே நிறுத்துவது? சிதம்பரம் தாண்டி ஒரு பெட்ரோல் பங்கில் நிறுத்தினோம். கழிப்பறைக் கதவில் பூட்டு. சாவி மேனேஜரிடம். மேனேஜர் சாப்பிடப் போயிருந்தார். இன்னோர் இடத்தில் கதவு திறந்துதான் இருந்தது, தாழ்ப்பாள்தான் இல்லை. தங்கை கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க அம்மா போனார். அப்பத்தா எட்டிப் பார்த்துவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பிவிட்டார். அப்பா வாட்சைப் பார்த்தார். நான் பாட்டு மாற்றினேன். அவ்வளவுதான் என் பங்களிப்பு.

தரங்கம்பாடியில் அப்பத்தா காரைவிட்டு இறங்கவே இல்லை. 1620-ல் டேனிஷ்காரர்கள் கட்டின கோட்டை கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. அப்பா குஷியாகிவிட்டார். தஞ்சாவூர் ரகுநாத நாயக்கரிடம் அவர்கள் இடம் வாங்கியது, 1706-ல் சீகன்பால்கு வந்து இறங்கியது, தமிழ் கற்றுக்கொண்டு புதிய ஏற்பாட்டை இங்கேயே அச்சடித்தது, 1845-ல் மொத்த ஊரையும் வெள்ளைக்காரனுக்கு விற்றுவிட்டுப் போனது என்று ஒரு மணி நேரம் வகுப்பு எடுத்தார். நானும் ஆர்வமாகக் கேட்டேன், பொய் சொல்லக் கூடாது. திரும்பி வந்தால் அப்பத்தா கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்திருந்தார். தொட்டால் கை சுட்டது.

வேளாங்கண்ணி போய்ச் சேரும்போது குளிர் நடுக்கம். அறையில் பெட்டியை வைத்துவிட்டு நேராக ஒரு கிளினிக். அங்கே இருந்த டாக்டரம்மா கேட்ட கேள்விகளையும் வந்த பதில்களையும் அப்படியே தருகிறேன்.

"காலைல இருந்து எவ்வளவு தண்ணி குடிச்சீங்கம்மா?"

"ரெண்டு வாய் குடிச்சிருப்பேன்."

"கடைசியா யூரின் எப்போ போனீங்க?"

"காலம்பற. பாண்டில."

"பிரஷர் மாத்திரை போட்டீங்களா?"

அப்பத்தா பதில் சொல்லவில்லை. அம்மாதான் தயங்கித் தயங்கிச் சொன்னார். "அது நீர் பிரியற மாத்திரைங்க. போட்டா அடிக்கடி போகணும்னு வெளியூர் போற அன்னைக்கு அத்தை போடமாட்டாங்க."

அப்பாவின் முகத்தை அப்போது நான் பார்த்தேன். அதை எழுத வேண்டாம் என்று நினைக்கிறேன்.

சிறுநீர்த் தொற்று. அதற்கு மேல் உடம்பில் நீர்ச்சத்து இல்லை, பிரஷரும் ஏறியிருந்தது. குளுக்கோஸ் ஏற்றி, ஊசி போட்டு, ஒரு நாள் நகரக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். வயதானால் தாகமே சரியாகத் தெரியாது, ஏசி காரில் இன்னும் தெரியாது, பெண்களுக்கு உடம்பு அமைப்பே இந்தத் தொற்று சுலபமாக வருகிற மாதிரி, அடக்கி வைக்க வைக்க ஆபத்து என்று டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். "லீவு சீசன்ல இந்த மாதிரி நிறைய வருவாங்க. எல்லாரும் கார்ல வந்தவங்கதான்" என்றும் சொன்னார்.

கோடியக்கரை ரத்து. ஒரு முழு நாள் வேளாங்கண்ணி லாட்ஜ் அறையில். சாயந்திரம் நான் மட்டும் கடற்கரை வரை நடந்தேன். 2004 டிசம்பர் 26 சுனாமியில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். அதற்கான நினைவிடம் அங்கே இருக்கிறது. லீவுக்கு வந்த குடும்பங்கள் அதன் பக்கத்தில் நின்று சோளம் தின்றுகொண்டிருந்தன. நாங்களும் அப்படித்தான் தின்றிருப்போம். குற்றம் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் காலையில் கிளம்பும்போது அப்பா அந்தத் தாளை எடுக்கவில்லை. திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம். அந்தப் பக்கமெல்லாம் தென்னந்தோப்புகள். 2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது மொத்தமாகச் சாய்ந்த ஊர்கள் இவை. இப்போது திரும்ப வைத்த கன்றுகள் நிற்கின்றன, நடுநடுவே தப்பித்த பழைய மரங்கள். மல்லிப்பட்டினத்துக்கு முன்னால் சாலையோரம் ஓர் அக்கா இளநீர் விற்றுக்கொண்டிருந்தார். அப்பா நிறுத்தினார். அப்பத்தா வழக்கம்போல "எனக்கு வேண்டாம்" என்றார்.

கடற்கரைச் சாலையின் கொடுமையே இதுதான். வழி நெடுக இளநீர், மோர், சர்பத், கரும்புச்சாறு. தாகத்துக்கு இவ்வளவு கொட்டிக் கிடக்கிற சாலையில்தான் நம் வீட்டுப் பெண்கள் நாக்கு வறண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

அம்மா இந்தத் தடவை தயங்கவில்லை. நேராக அந்த அக்காவிடமே கேட்டார். "நீங்க காலைலேர்ந்து இங்கேயே உக்காந்திருக்கீங்களே, நீங்க எங்கக்கா போவீங்க?"

அந்த அக்கா சிரித்துவிட்டார். "விடியறதுக்கு முன்னாடி போனா, அப்பறம் பொழுது சாஞ்சுதான். இப்போ வீட்டுல கட்டியாச்சு. ஆனா யாவாரத்தை விட்டுட்டு யாரு போறது?" என்றவர், அரிவாளை வைத்துவிட்டு எழுந்தார். "வாங்க பாட்டிம்மா, வீடு இந்தத் தோப்புக்குப் பின்னாடிதான். நல்லா சுத்தமா இருக்கும். தம்பி, கடைய பாத்துக்க."

நான் பதினைந்து நிமிடம் இளநீர்க் கடைக்காரன். இரண்டு பேர் வந்தார்கள். அரிவாளைத் தொடக்கூட எனக்குத் தைரியம் வரவில்லை :-( அப்பத்தா திரும்பி வரும்போது அந்த அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு குடும்பக் கதை பேசிக்கொண்டு வந்தார். வந்ததும் ஒரு முழு இளநீர் குடித்தார். வழுக்கையும் போட்டுத் தரச் சொன்னார்.

இங்கே என் வாதத்தைச் சொல்லிவிடுகிறேன். இது பணம் இருந்தால் தீருகிற பிரச்சினை என்று நான் முதலில் நினைத்தேன். பெரிய ஹோட்டலாகப் பார்த்துச் சாப்பிட்டால் போதாதா? ஓரளவு போதும். எங்கள் வீட்டிலேயே அப்பா ஒரு ஹோட்டலைச் சாம்பாரை வைத்து எடை போடுவார், அம்மா தாழ்ப்பாளை வைத்து. இனிமேல் அம்மாவின் மார்க்தான் செல்லும் என்று முடிவாகிவிட்டது. ஆனால் காரில் போகிற நாம் எப்படியோ சமாளித்துக்கொள்வோம். அந்த அக்கா? மீன் கூடையோடு பஸ்ஸுக்கு நிற்கிற ஆயா? அவர்களுக்கு இது லீவு இல்லை, தினசரி. சாலை போட்டவர்கள் வளைவுக்குப் பலகை வைத்தார்கள், கோவிலுக்கு வைத்தார்கள், ரிசார்ட்காரர்கள் தங்கள் செலவில் ஆளுயரத்துக்கு வைத்துக்கொண்டார்கள். "அடுத்த கழிப்பறை 12 கி.மீ." என்று ஒரு பலகை நாங்கள் போன வழியில் என் கண்ணில் படவில்லை. அம்மாவிடம் கேட்டேன். ஐந்து கிலோமீட்டருக்கு ஒன்று வேண்டுமாம்மா? "வேண்டாம்டா. அடுத்தது எங்க இருக்குன்னு தெரிஞ்சா போதும். திறந்திருக்கும்னு தெரிஞ்சா போதும். தைரியமா தண்ணி குடிச்சிடுவேன்" என்றார். கவனியுங்கள், அவர் கேட்பது கட்டடம்கூட இல்லை, நம்பிக்கை. ஒரு பலகை, ஒரு தாழ்ப்பாள், ஒரு வாளித் தண்ணீர், கழுவுகிற ஆளுக்கு ஒழுங்கான சம்பளம். காசு வாங்கிக்கொள்ளட்டுமே. அஞ்சு ரூபாய்க்குப் பேரம் பேசுகிற ஆண்களைத்தான் நான் பார்த்திருக்கிறேன், பெண்கள் யாரும் பேசிப் பார்த்ததில்லை.

"அந்தக் காலத்துப் பாட்டிங்கள்லாம் கட்டைவண்டியில போகலையா, இப்ப மட்டும் என்ன?" என்று என் மாமா ஒருவர் கேட்டார். போனார்கள். எப்படிப் போனார்கள் என்று அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. கேட்காததால் சொல்லவில்லை.

இன்னொன்று. வகுப்புத் தோழர்களே, நாம் மூன்றாம் செமஸ்டரில் ஐ.வி. போனோமே, ஞாபகம் இருக்கிறதா? பஸ்ஸில் பின்னால் நாம் கூத்தடித்துக்கொண்டிருந்தோம். முன் வரிசைகளில் பெண்கள் தூங்கிக்கொண்டே வந்தார்கள். "செம போர்டா இவளுங்க" என்று நாம் கமெண்ட் அடித்தோம். ஊருக்கு வந்த பிறகு அவர்களில் இரண்டு பேரிடம் கேட்டேன். அன்றைக்கு மதியம் வரை யாரும் ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்கவில்லை. ஒருத்திக்கு அது மாதத்தின் அந்த நாட்கள். தலைவலியில் படுத்திருந்தாள். பஸ்ஸை நிறுத்தச் சொல்ல வேண்டுமானால் முப்பது பையன்களுக்கு முன்னால் சாரிடம் போய்ச் சொல்ல வேண்டும். அடுத்த டூருக்கு நான் ஒரு யோசனை வைத்திருக்கிறேன். யாரும் கேட்க வேண்டாம், யாரும் கையைத் தூக்க வேண்டாம். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை, முன்கூட்டியே பார்த்து வைத்த நல்ல இடத்தில், வண்டி தானாக நிற்கும். எல்லோரும் இறங்குவோம். டீ குடிக்கிறவன் குடிக்கட்டும். ஒரு நாளில் மொத்தம் ஒரு மணி நேரம் போகும். போகட்டுமே!

அப்பா அன்றைக்கு அப்படித்தான் ஓட்டினார். மனோராவில் நிறுத்தினார். நெப்போலியன் தோற்றதற்குச் சரபோஜி மன்னர் 1814-ல் கட்டின எட்டு மாடிக் கோபுரம். யாரோ எங்கேயோ தோற்றதற்கு இங்கே கடலோரத்தில் கோபுரம், வெள்ளைக்காரனைச் சந்தோஷப்படுத்த. அதற்குப் பிறகு மீமிசல், தொண்டி, தேவிபட்டினம். அந்தப் பக்கம் பனங்கிழங்கு கட்டுக் கட்டாக விற்றார்கள். பாம்பன் பாலத்தில் எல்லோரையும் போல நாங்களும் இறங்கிப் போட்டோ எடுத்தோம். முதல் நாளைவிடக் குறைந்த தூரம்தான், ஆனால் போய்ச் சேர ராத்திரி ஏழரை ஆகிவிட்டது. கடைசி ஒரு மணி நேரம் இருட்டில் ஓட்டினார். ஒன்றும் ஆகவில்லை.

மறுநாள் தனுஷ்கோடி. 1964 டிசம்பர் புயல் தின்றது போக மிச்சமிருக்கும் சர்ச்சும் ரயில்வே கட்டடமும் மணலில் நிற்கின்றன. சாலை அரிச்சல்முனை வரை போகிறது. அங்கே ஒரு பக்கம் கடல் குளம் மாதிரி கிடக்கிறது, இன்னொரு பக்கம் ஆவேசமாக அடிக்கிறது. சங்கு விற்றுக்கொண்டிருந்த ஒரு பெரியவர் விளக்கினார். அடிக்கிறது ஆண் கடல், அமைதியாக இருப்பது பெண் கடல், எங்க ஊரில் அப்படித்தான் சொல்லுவோம் என்று.

அப்பத்தா அந்த அமைதியான பக்கத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். "பாவம், அதுவும் எவ்வளவு நேரந்தான் அடக்கிக்கிட்டு இருக்கும்" என்றார். அம்மா சிரித்த சிரிப்பில் பக்கத்தில் செல்பி எடுத்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. சாவியை எடுத்துக்கொண்டு வண்டிக்குப் போனார்.

ரூட் கேட்ட மூன்று பேருக்கும்: திரும்பி வரும்போது அம்மா ஒரு சின்ன நோட்டில் எழுதிக்கொண்டே வந்தார். எந்த ஊரில், எந்தக் கடையில், தாழ்ப்பாள் இருக்கிறதா, தண்ணீர் வருகிறதா, எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள் என்று. மொத்தம் பதினோரு இடம் தேறியிருக்கிறது. திங்கட்கிழமை கொண்டுவருகிறேன், ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் அம்மாவிடம் கொடுத்து, விட்டுப்போன இடங்களைச் சேர்த்துத் திருப்பித் தரச் சொல்லுங்கள்.